ஒரு சுழல்தண்டுக்காக முந்நூற்று முப்பது கிலோமீற்றர்: வடக்கின் உற்பத்தித் துறை பற்றிய விவாதம்

2025 செப்டம்பர் 2, ஒரு வாசகரின் கேள்வி

காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையையும் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையையும் அரசு மறுபடியும் திறந்துவிட்டால் வட மாகாணத்தின் உற்பத்தித் துறை தானாகவே எழுந்துவிடும் என்பது என் கருத்து. போர் முடிந்து பதினாறு ஆண்டுகள் ஆகியும் நாம் ஏன் ஆடை தைத்துக்கொண்டே இருக்கிறோம்? வன்னியில் தொழில் நடத்துகிறவர்கள் யாராவது பதில் சொல்ல வேண்டும்.

செப்டம்பர் 3

நடத்துகிறேன், ஆகவே சொல்கிறேன். கிளிநொச்சிக்கு அருகில் மிளகாய், முருங்கையிலை, மாம்பழம் ஆகியவற்றை உலர்த்திப் பொதியிடும் சிறிய ஆலையொன்று எனக்கு இருக்கிறது. ஒன்பது ஆண்டுகளாகின்றன, பதினொரு பேர் வேலை செய்கிறார்கள். உங்கள் கேள்வியில் "தானாகவே" என்ற ஒரு சொல்லோடுதான் எனக்கு வழக்கு.

காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1950-இல் உற்பத்தியைத் தொடங்கியது. 1990-இல் போர் அதை நிறுத்தியது. அந்த நாற்பது ஆண்டுகளில் அது வடக்குக்கு என்ன செய்தது என்று கேட்டால், பலரும் சம்பளத்தையும் விடுதிகளையும் சங்கு ஊதும் நேரத்தையும் பற்றித்தான் பேசுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. சுண்ணாம்புக்கல் அங்கேயே கிடைத்தது; களிமண் மன்னார் மாவட்டத்து முருங்கனிலிருந்து புகையிரதத்தில் வந்தது. களிமண்ணுக்காக ஓடிய வண்டிகளைப் பழுதுபார்க்க ஆட்கள் இருந்தார்கள். ஆலையின் இயந்திரங்களுக்காகத் தேர்ந்த கடைச்சற்காரர்களும் ஒட்டுவேலைக்காரர்களும் மின்வேலைக்காரர்களும் உருவானார்கள். அவர்களில் சிலர் ஓய்வுபெற்ற பின் சொந்தப் பட்டறை வைத்தார்கள். என் தாய்மாமன் அப்படிப்பட்ட பட்டறை ஒன்றில்தான் தொழில் பழகினார். ஆலை நின்றபோது சீமெந்தோடு சேர்த்து இந்த ஆட்களையும் இழந்தோம்.

இனி அதையே மறுபடியும் திறக்கலாமா என்றால், என் பதில் வேண்டாம் என்பதே. சீமெந்தாக அரைக்கப்படும் சுட்ட கட்டியான கிளிங்கர் ஒரு தொன்னுக்கு ஏறத்தாழ ஒன்றரைத் தொன் சுண்ணாம்புக்கல் வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது; அங்குள்ள மக்கள் குடிப்பது அந்தச் சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கிநிற்கும் மழைநீரை. கல்லை வெட்டி எடுப்பது தண்ணீர்த் தொட்டியை உடைத்துச் செங்கல்லாக விற்பதற்குச் சமம். குடாநாட்டின் சுன்னாகத்தில் மின்னுற்பத்தி நிலையக் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்து, வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்ற பிறகும் இந்தப் பாடத்தை இன்னொரு முறை படிக்க வேண்டியதில்லை.

செப்டம்பர் 5

பரந்தனைப் பற்றிச் சொல்லாமல் விட்டதைச் சிலர் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். அதன் கதை வேறு. சீமெந்தை விட அதிலேயே எனக்கு ஆர்வம் அதிகம்.

1950-களில் அமைக்கப்பட்ட அந்த ஆலை உப்புக்கரைசலில் மின்சாரத்தைச் செலுத்தி எரிசோடாவையும் குளோரினையும் பிரித்தெடுத்தது. உப்பு பக்கத்திலிருந்த ஆனையிறவிலிருந்து வந்தது. எரிசோடா கிழக்கே வாழைச்சேனைக் காகித ஆலைக்கும் சவர்க்கார ஆலைகளுக்கும் போனது. குளோரின் குடிநீரைச் சுத்திகரிக்கப் போனது. உப்பளம், இரசாயன ஆலை, காகித ஆலை என்று ஒன்றின் வாசலில் இறங்கிய மூட்டை அடுத்ததின் வாசலுக்கு ஏறியது. வடக்கும் கிழக்கும் பின்தங்கிய விவசாயப் பகுதிகள் என்று இன்று பேசுகிறவர்கள் இந்தத் தொடரை மறந்துவிடுகிறார்கள்.

போரில் ஆலை சிதைந்தது. நிறுவனம் மட்டும் பெயரைக் காப்பாற்றிக்கொண்டு, குளோரினை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்து விநியோகித்து வந்தது. "பரந்தன்" என்ற பெயர் பொறித்த உருளை கப்பலில் வந்து கொழும்பில் இறங்கும். உப்பும் நிலமும் பெயரும் இங்கே இருக்க, பொருள் மட்டும் கடல் கடந்து வந்துகொண்டிருந்தது.

செப்டம்பர் 5, இரவு

ஆனையிறவில் 2025 மார்ச்சில் மேசை உப்பு ஆலை திறந்ததையும் அதன் உப்புக்கு வைத்த சிங்களப் பெயரைப் பற்றி எழுந்த சர்ச்சையையும் கேட்டிருக்கிறீர்கள். பெயர் சர்ச்சையில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த உப்பை நிரப்பும் பை எங்கே அச்சிடப்படுகிறது என்று ஒருவரும் கேட்கவில்லையே என்பதே என் கவலை. பைகளைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். அது எனக்கு ஆறாத புண்.

செப்டம்பர் 9

இரண்டு ஆண்டுகளுக்கு முன் மிளகாய்ப் பருவத்தின் உச்சத்தில், உலர்த்தியின் கியர் பெட்டிக்குள் ஒரு சுழல்தண்டு முறிந்தது. நீளம் ஒரு முழம்கூட இராது. புதிதாக ஒன்றைக் கடைந்து தர யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் ஒருவர் இருந்தார், அருமையான கை. ஆனால் கடைந்த தண்டின் மேற்பரப்பைச் சூடேற்றிக் கடினப்படுத்தாவிட்டால் இரண்டு மாதத்தில் மறுபடியும் தேய்ந்துவிடும். அந்தக் கடினப்படுத்தலுக்கு வடக்கில் எனக்கு ஆள் கிடைக்கவில்லை. தண்டைச் சாக்கில் சுற்றி, இரவுப் பேருந்தின் நடத்துநரிடம் கொடுத்துக் கொழும்புக்கு அனுப்பினேன். அங்கே அந்தச் சூளையில் எனக்கு முன்னே வரிசை. பெரிய வாடிக்கையாளர்களின் வேலை முடிந்த பிறகுதான் என் ஒற்றைத் தண்டு உள்ளே போனது. ஆறாம் நாள் காலை, மறுபடியும் ஒரு நடத்துநரின் இருக்கைக்குக் கீழே படுத்துக்கொண்டு அது வந்து சேர்ந்தது.

அந்த ஆறு நாட்களில் விவசாயிகள் கொண்டுவந்து குவித்த மிளகாயில் பாதி பூஞ்சணம் பிடித்தது. பூஞ்சணம் பிடித்த மிளகாயை ஏற்றுமதி செய்ய முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு, ஒரு கிலோ மிளகாயில் பூஞ்சணம் சுரக்கும் நஞ்சான அஃப்ளாடொக்சின் பி1 ஐந்து மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது. அந்தப் பரிசோதனைக்கும் மாதிரியைக் கொழும்புக்குத்தான் அனுப்புகிறேன். முறிந்த தண்டும் போகிறது, பழுதான மிளகாயும் போகிறது. இரண்டும் ஒரே பேருந்தில் போன நாளும் உண்டு.

கொழும்புக்கும் கிளிநொச்சிக்கும் இடையே ஏறத்தாழ 330 கிலோமீற்றர். இரவில் ஏறினால் விடிய முன் வந்துவிடலாம். உலகத்தில் இதைவிடத் தொலைவான இடங்களில் ஆலைகள் ஓடுகின்றன. என்னைக் கொன்றது அந்த 330 கிலோமீற்றர் அல்ல. ஓர் ஆலைக்கு அண்டை வீட்டார் வேண்டும். எனக்கு அண்டையில் ஒருவரும் இல்லை.

செப்டம்பர் 12

"அப்படியானால் போக்குவரத்துச் செலவு ஒரு பிரச்சினையே இல்லையா?" என்று கேட்கிறீர்கள். இருக்கிறது. தெற்கிலிருந்து சீமெந்தும் இரும்பும் பிஸ்கட்டும் சோடாவும் ஏற்றிவரும் லொறிகள் வெறுமையாகத் திரும்புகின்றன. ஆகவே இரு வழிக்குமான கூலியும் வரும் சரக்கின் தலையில் விழுகிறது. இங்கே உற்பத்தி பெருகினால் திரும்பும் லொறிகளில் மலிவாக ஏற்றி அனுப்பலாம். இது எல்லாருக்கும் இலாபமானது.

செப்டம்பர் 13

நேற்று எழுதியதைத் திருத்த வேண்டியிருக்கிறது. வவுனியாவில் லொறி வைத்திருக்கும் ஒருவர் சுருக்கமாகப் பதில் எழுதியிருந்தார்: "ஐயா, வெறுமையாகத் திரும்பினால் நான் எப்போதோ லொறியை விற்றிருப்பேன்." வெங்காயம், வாழைக்குலை, நெல், மீன், பழைய இரும்பு என்று தெற்கே போகிற சுமை பருவத்துக்குப் பருவம் இருக்கிறது. சந்தைக்கு விடியற்காலையில் சேர வேண்டிய சுமை அது. அந்த வண்டிகள் என் ஆலைக்கு வந்து இருபது பெட்டிகளுக்காக ஒரு மணி நேரம் காத்து நிற்கா. ஆக, லொறியில் இடம் இருக்கிறது. என் இருபது பெட்டிகளையும் இன்னொருவரின் முப்பது பெட்டிகளையும் ஓரிடத்தில் சேர்த்துவைத்து, வண்டி வந்ததும் பத்து நிமிடத்தில் ஏற்றிவிடும் களஞ்சியம்தான் இல்லை.

ஒருமுறை அவசரத்துக்கு, மீன் இறக்கிவிட்டுக் கழுவிய குளிர் லொறியொன்றில் உலர்ந்த மாம்பழத்தை அனுப்பினேன். வாங்கியவர் தொலைபேசியில் அழைத்து, "இது புதிய சுவையா?" என்று மிக மரியாதையாகக் கேட்டார். அத்தோடு அந்தப் பரிசோதனையை நிறுத்திக்கொண்டேன்.

புகையிரதத்தைப் பற்றிக் கேட்டவருக்கு: பாதை 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும் 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் திரும்பி வந்தது. பயணிகளுக்கு அது பெரும் விடுதலை. என் பெட்டிகள் மட்டும் இன்னும் ஏறவில்லை. ஒரு பெட்டியைப் புகையிரத நிலையத்துக்கு ஏற்றிப் போய் இறக்கி, அங்கே கொழும்பில் மறுபடியும் ஏற்றி இறக்குவதற்குள் லொறி இரண்டு தடவை போய்வந்துவிடுகிறது. முருங்கன் களிமண்போல நாள்தோறும் பெருஞ்சுமை உள்ளவருக்கே தண்டவாளம் தோதானது.

செப்டம்பர் 20

ஆடைத் தொழிற்சாலைகளுக்கு வருகிறேன். கிளிநொச்சி, புதுக்குடியிருப்பு, வவுனியா, மன்னார் என்று போருக்குப் பின் வந்தவை அவையே. ஆயிரக்கணக்கான பெண்களுக்கு மாதச் சம்பளம் கொடுத்தார்கள். கணவனை இழந்து குடும்பத்தைத் தனியே தாங்கிய பெண்களுக்கு அந்தச் சம்பளம் என்னவென்று எங்களைப் போன்றவர்கள் வாய்கூசாமல் பேசக் கூடாது. ஆயினும் உற்பத்தித் துறை என்ற கணக்கில் எனக்குக் குறை இருக்கிறது. துணி வெளியிலிருந்து வருகிறது, நூல் வெளியிலிருந்து வருகிறது, பொத்தான் வருகிறது, இயந்திரம் வருகிறது. தைத்த உடை மூடிய கொள்கலனில் போகிறது. அந்த ஆலைகளைச் சுற்றி ஊருக்குள் உருவான துணைத்தொழில் என்று நான் கண்டது சாப்பாட்டுப் பொதியும் பேருந்துச் சேவையும்தான்.

அதன் தலைவிதி எழுதப்படுவதும் இங்கே அல்ல. ஐரோப்பிய ஒன்றியம் 2010 ஓகஸ்டில் ஜி.எஸ்.பி. பிளஸ் என்ற இறக்குமதி வரிச் சலுகையை நிறுத்தியது, 2017 மே மாதத்தில் திருப்பித் தந்தது. 2025 ஏப்ரலில் அமெரிக்கா 44 விழுக்காடு வரி என்று அறிவித்து, ஓகஸ்டில் 20-க்குக் குறைத்தது. இடைப்பட்ட நான்கு மாதங்கள் எத்தனை வீடுகளில் நித்திரை இல்லாமல் போயிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

செப்டம்பர் 27

மேலே எழுதியதை என் ஆலையில் வேலை செய்யும் ஒரு பெண்ணுக்குப் படித்துக் காட்டினேன். அவர் ஏழு ஆண்டுகள் ஆடைத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்துவிட்டு என்னிடம் வந்தவர். முழுவதையும் கேட்டுவிட்டு, "அண்ணா, அப்ப நான் யார்?" என்று கேட்டார்.

நான் வெட்கப்பட வேண்டிய கேள்வி. அவர் வந்த முதல் வாரத்தில் ஒரு நிறுத்தக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு பொதியிடும் மேசையருகே இரண்டு நாட்கள் நின்றார். ஒருவர் எடை போட்டு, அவரே பையை மூடி, அவரே எழுந்துபோய் அடுக்கிவிட்டு வரும் என் முறையைக் கலைத்து, நால்வரை வரிசையில் அமர்த்தினார். மேசையின் உயரத்தைக் கூட்டினார். பழுதான பைகளை எண்ணி எழுத ஒரு பலகை மாட்டினார். புது இயந்திரம் ஒன்றும் வாங்காமலே அதே நால்வர் முன்பைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு பொதியிட்டார்கள். நான் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வந்தவன். இது எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

ஆகவே 20-ஆம் தேதிக் குறிப்பில் ஒரு வரியை மாற்றிப் படியுங்கள். அந்த ஆலைகள் சாப்பாட்டுப் பொதியையும் பேருந்தையும் தவிர, நேரத்தை அளக்கத் தெரிந்த, பழுதை எண்ணத் தெரிந்த ஒரு தலைமுறைப் பெண்களையும் உருவாக்கியிருக்கின்றன. அவர்கள் திருமணமாகியோ களைத்தோ வேலையை விட்டபின், அந்த அறிவைப் பயன்படுத்த வேறு ஆலைகள் இல்லை என்பதுதான் குறை. ஆடைத் தொழிலின் மேல் நான் வைத்த பழியில் பாதி என்னைப் போன்றவர்கள் மேல் விழ வேண்டியது.

ஒக்டோபர் 4

பரந்தன் பற்றிய கணக்கு கேட்டவருக்கு, ஒரு விடுமுறை நாளில் உட்கார்ந்து போட்டது. ஒரு தொன் குளோரின் எடுக்க ஏறத்தாழ 1.7 தொன் உப்பும், புதிய சவ்வு முறையில் ஏறத்தாழ 2,500 அலகு மின்சாரமும் வேண்டும், கூடவே 1.1 தொன் எரிசோடா கிடைக்கும். மணிக்கு ஒரு தொன் என்ற சிறிய ஆலையை வைத்துக்கொள்வோம். இடையறாத 2.5 மெகாவாற் மின்சாரம், நாளுக்கு 41 தொன் உப்பு, ஆண்டுக்கு ஏறத்தாழ 15,000 தொன். நாளுக்கு 24 தொன் குளோரினும் 26 தொன் எரிசோடாவும் வரும்.

மன்னாரில் 2020 டிசம்பரில் தொடங்கிய காற்றாலைப் பண்ணையின் கொள்ளளவு 100 மெகாவாற்றுக்குச் சற்று மேல். 30 சுழலிகள், ஒவ்வொன்றும் 3.45 மெகாவாற். ஒரு சுழலி முழு வேகத்தில் சுழலும் நேரத்தில் இந்த ஆலைக்கு வேண்டியதற்கு மேலேயே தரும். உப்பும் காற்றும் நம்முடையவை. இதைவிட இயல்பான தொழில் ஒன்று வடக்குக்கு இருக்க முடியாது என்று எழுதிவிட்டு எழுந்தேன்.

ஒக்டோபர் 5

எழுந்தவன் மறுநாள் மறுபடியும் உட்கார வேண்டியதாயிற்று. காற்று எல்லா நேரமும் வீசுவதில்லை என்பதைப் பலரும் சொன்னார்கள், அது உண்மை. ஆனால் தேசிய மின்வலையில் இணைந்திருக்கும் ஆலைக்கு அது தீர்க்க முடியாத சிக்கல் அல்ல. உண்மையான பிழை வேறிடத்தில் இருக்கிறது, அதை ஒருவரும் பிடிக்கவில்லை என்பதால் நானே பிடித்துக் கொடுக்கிறேன்.

குடிநீரில் இலீற்றருக்கு 2 மில்லிகிராம் குளோரின் சேர்ப்பதாகக் கொண்டால் ஒரு தொன் குளோரின் 5 இலட்சம் கனமீற்றர் தண்ணீருக்குப் போதும். நாட்டின் 2.2 கோடி மக்களுக்கும் ஆளுக்கு நாளொன்றுக்கு 200 இலீற்றர் குழாய்நீர் கொடுப்பதாகக் கற்பனை செய்தாலும் 44 இலட்சம் கனமீற்றர்தான். அதற்கு 9 தொன்னுக்குக் குறைவான குளோரின் போதும். நான் "சிறிய ஆலை" என்று எழுதியது நாளுக்கு 24 தொன் கக்குகிறது. மீதி 15 தொன்னை என்ன செய்வது? குளோரின் நச்சுவாயு, நெல்லைப்போல மூட்டை கட்டி நல்ல விலை வரும்வரை வைத்திருக்க முடியாது. எரிசோடாவுக்குக் கேட்பவர் இருக்கிறாரே என்று ஆலையை ஓட்டினால் குளோரினும் கூடவே வரும். ஒன்றை விட்டு மற்றதை மட்டும் எடுக்கும் வசதியை இயற்கை தரவில்லை.

ஆகவே ஐதரோகுளோரிக் அமிலம் செய்பவர், வெளிற்றும் தூள் செய்பவர் என்று குளோரினை அன்றன்றே வாங்கும் ஆலைகள் மதிலுக்கு அந்தப் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் நாளுக்கு எட்டுத் தொன் என்ற சிறிய அளவில், தண்ணீருக்கு மட்டும் என்று கட்ட வேண்டும். அப்படிச் சிறிதாகக் கட்டினால் இறக்குமதி விலையோடு போட்டியிட முடியுமா என்பது அடுத்த வழக்கு. என் முறிந்த சுழல்தண்டுக்கு அண்டை வீட்டார் இல்லை என்று அழுதேன் அல்லவா? இவ்வளவு பெரிய இரசாயன ஆலைக்கும் அதே அழுகைதான்.

ஒக்டோபர் 6

"ஐயா, கடைசியில் எதைச் சொன்னாலும் அண்டை வீட்டாரிடம்தான் வந்து நிற்கிறீர்கள், உங்களுக்கு ஊரில் பெண் பார்க்கிறார்களா?" என்று கேட்ட தம்பிக்கு: எனக்குத் திருமணமாகி இருபத்திரண்டு ஆண்டுகள். என் வீட்டுக்காரி இதைப் படித்துச் சிரித்தார்.

ஒக்டோபர் 14

கடன். வன்னியில் பெரும்பகுதி நிலம் அரச காணி. 1935-ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அனுமதிப்பத்திரத்தில் மக்கள் இருக்கிறார்கள். அனுமதிப்பத்திரக் காணியை உறுதிக் காணியைப்போல விற்கவோ, நினைத்த வங்கியில் ஈடு வைக்கவோ முடியாது. நான் முதல் உலர்த்தி வாங்கக் கடன் கேட்டபோது, என் ஆலை நிற்கும் இரண்டு ஏக்கருக்கு வங்கியின் கணக்கில் மதிப்பு ஒன்றுமில்லை. யாழ்ப்பாணத்தில் மனைவியின் சீதனக் காணி இருந்தது, மூன்று பரப்பு, ஏக்கரில் ஐந்திலொன்றுகூட இராது. கிளிநொச்சி ஆலையின் அத்திவாரம் உண்மையில் அந்த மூன்று பரப்பில்தான் நிற்கிறது. அப்படியொரு காணி இல்லாதவர் என்ன செய்வார்? வட்டிக்கு வாங்குவார், அல்லது தையல் இயந்திரத்தின் முன் உட்காருவார், அல்லது கடவுச்சீட்டு எடுப்பார்.

கடன் பற்றிப் பேசும் பலரும் இயந்திரம் வாங்கும் கடனையே நினைக்கிறார்கள். மிளகாய் எனக்கு வருவது இரண்டு மூன்று மாதங்களில். விற்பது பன்னிரண்டு மாதமும். விவசாயிக்கு அன்றே பணம் கொடுக்க வேண்டும், கொழும்புக் கடைக்காரர் எனக்கு அறுபது தொண்ணூறு நாட்கள் கழித்துத் தருவார். இந்த இடைவெளியை நிரப்பும் சுழற்சிப் பணம் இல்லாமல் மூடிய ஆலைகள் சிலவற்றை எனக்குத் தெரியும். இயந்திரங்கள் இன்னும் பளபளவென்று உள்ளே இருக்கின்றன.

ஒக்டோபர் 16

பைகளைப் பற்றி எழுதுகிறேன் என்று சொல்லி ஆறு வாரமாகிறது. அச்சிட்ட பைக்கு ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் உருளை செதுக்க வேண்டும். அதனால் அச்சகம் சிறிய தொகையை எடுக்காது. எனக்கு ஆண்டுக்குப் பதினைந்தாயிரம் பை போதும், அவர்கள் ஐம்பதாயிரத்துக்குக் குறையாது என்றார்கள். 2021-இன் முடிவில் ஐம்பதாயிரம் பைகளை, அதிகபட்ச சில்லறை விலையையும் சேர்த்து அழகாக அச்சிட்டு வாங்கினேன். 2022-இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை போனது. மூன்று மாதத்தில் பையில் இருந்த விலை என் மிளகாய்க் கொள்முதல் விலையை விடக் குறைவு. மீதிப் பைகளில் பழைய விலையின் மேல் புதிய விலையை ஒட்ட இரண்டு பேரைத் தனியே வேலைக்கு வைத்தேன். ஒட்டிய விலையும் ஆறு மாதத்தில் பழையதாகி, அதன் மேல் இன்னொன்று. ஒரு வாடிக்கையாளர் மூன்றையும் உரித்துப் பார்த்துவிட்டு, "இதில் எது உண்மை?" என்று கேட்டு எழுதினார். இங்கேயே சிறிய அளவில் அச்சிட ஒருவர் இருந்திருந்தால் ஐயாயிரம் ஐயாயிரமாக வாங்கியிருப்பேன்.

ஒக்டோபர் 19

ஆட்கள் இல்லை என்ற முறைப்பாடு பற்றி. 1981-இல் வட மாகாணத்தின் மக்கள்தொகை 11 இலட்சத்துக்குச் சற்று மேல், 2012-இல் 10.6 இலட்சம். நாடு முழுவதும் அதே காலத்தில் 1.48 கோடியிலிருந்து 2.04 கோடியாகப் பெருகியது. ஒரு மாகாணம் முப்பது ஆண்டுகளில் வளராமல் சுருங்கியதென்றால், போகாமல் நின்றவர்களைக் கொண்டு எல்லாவற்றையும் செய்கிறோம் என்று பொருள். 2016-இல் கிளிநொச்சியின் அறிவியல்நகரில் திறந்த இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவனம் நல்ல கைகளை உருவாக்குகிறது. அதே வளாகத்துக்கு அருகில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற்பீடமும் இருக்கிறது. என்னிடம் பயிற்சிக்கு வந்த இளைஞர்கள் இருவரும் கெட்டிக்காரர்கள். ஒருவர் கட்டாருக்குப் போய்விட்டார். அவருக்கு நான் கொடுக்க முடிந்ததும் அங்கே கிடைத்ததும் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மேலே செப்டம்பர் 9 குறிப்பில் வந்த கொக்குவில் கடைச்சற்காரரும் பிள்ளைகளிடம் கனடாவுக்குப் போகும் எண்ணத்தில் இருக்கிறார். அவர் போனால் தண்டைக் கடையவும் கொழும்புதான்.

ஒக்டோபர் 26

காங்கேசன்துறைத் துறைமுகம் திறந்தால் இந்தியாவோடு நேரே வியாபாரம் செய்யலாம் என்ற நம்பிக்கை பலருக்கு. 2023 ஒக்டோபர் 14-இல் நாகபட்டினத்திலிருந்து பயணிகள் கப்பல் வந்தது. சில நாட்களில் நின்றது. 2024 ஓகஸ்டில் மறுபடியும் தொடங்கியது. பயணிகள் கப்பலில் என் இயந்திரம் வராது. சரக்குக் கப்பல் வந்தால் எனக்கு மகிழ்ச்சியும் அச்சமும் சமமாக இருக்கும். உதிரிப்பாகம் கொழும்பைச் சுற்றாமல் வரும். தமிழ்நாட்டு மிளகாய்த் தூளும் அதே கப்பலில் வரும், என் விலையில் பாதிக்கு. கடல் எந்தப் பக்கத்துக்கும் சாய்ந்து ஓடுவதில்லை. இதைப் பற்றி உறுதியான கருத்து எனக்கு இன்னும் உருவாகவில்லை.

நவம்பர் 2

கேள்வி கேட்டவர் திரும்பி வந்து, "எல்லாவற்றையும் மறுக்கிறீர்கள், காங்கேசன்துறை, மாங்குளம், பரந்தன் ஆகிய இடங்களில் தொழில் வலயம் என்று அரசு சொல்கிறதே, உங்களிடம் கொடுத்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். நியாயம்.

பெரிய முதலீட்டாளரை அழைத்துவருவதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் முதல் கொட்டகையை அவருக்குக் கட்ட மாட்டேன். ஒரு வெப்பச் சூளையும் நல்ல கடைச்சல் இயந்திரம் நான்கும் உள்ள கருவியறை, மணிக்கணக்கில் வாடகைக்கு. அதற்குப் பக்கத்தில் ஈரப்பதமும் அஃப்ளாடொக்சினும் பார்க்கும் ஆய்வுகூடம். பொறியியற்பீடம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் மாங்குளத்தையோ பரந்தனையோ தேர்வேன். ஐயாயிரம் பை அச்சிடும் இயந்திரம். பல ஆலைகளின் பெட்டிகளைச் சேர்த்து வைக்கும் களஞ்சியமும், வாசலில் லொறியை எடைபோடும் நிறுவைப் பாலமும். கழிவுநீரை ஒரே இடத்தில் சுத்திகரிக்கும் தொட்டி, ஏனெனில் குடாநாட்டிலும் சரி வன்னியிலும் சரி, தண்ணீரைக் கெடுத்தால் ஊர் நம்மை ஓட ஓட விரட்டும், விரட்டுவதுதான் நியாயம். வலயத்தின் நிலத்தை நீண்ட குத்தகையாகக் கொடுத்து, அந்தக் குத்தகையை வங்கி ஈடாக ஏற்கும்படி எழுத்தில் ஒப்பந்தம்.

இவற்றில் ஒன்றுக்கும் நாடா வெட்ட அமைச்சர் வர மாட்டார் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நிறுவைப் பாலத்தைத் திறந்து வைக்க ஒருவரை அழைக்கலாம், எடையும் பார்த்துவிடலாம்.

நவம்பர் 3

ஒரு திருத்தம். கருவியறையை "மணிக்கணக்கில் வாடகைக்கு" என்றேன். அரசு நடத்தும் அறையில் காலை ஒன்பது மணிக்கு ஆள் வந்து நாலரைக்குப் பூட்டிவிட்டால், இரவு பத்து மணிக்கு முறியும் தண்டுக்கு அது உதவாது. கட்டடமும் சூளையும் பொதுவாக இருக்கட்டும்; நடத்துவதை அந்தக் கொக்குவில்காரரைப் போன்ற ஒருவரிடம் குத்தகைக்கு விட வேண்டும். கனடாவுக்குப் போக நினைப்பவரை நிறுத்தக் கூடிய ஒரே காரணமும் அதுவாக இருக்கலாம்.

நவம்பர் 9

கியர் பெட்டி மறுபடியும் முனகுகிறது. இந்த முறை முறியும் வரை காத்திருக்கவில்லை. தண்டை நேற்றே கழற்றி அளவெடுத்து, கொக்குவிலில் ஒரே நேரத்தில் மூன்று கடையக் கொடுத்தேன், ஒன்று பூட்ட, இரண்டு கையிருப்புக்கு. பளையில் அரிசி ஆலை வைத்திருக்கும் ஒருவர் இந்தக் குறிப்புகளைப் படித்துவிட்டு, தன்னிடமும் கடினப்படுத்த வேண்டிய தண்டுகள் நான்கு இருப்பதாக அழைத்துச் சொன்னார். வவுனியா லொறிக்காரர் தனக்கும் இரண்டு இருப்பதாகச் சொல்கிறார். ஒன்பது தண்டுகளையும் ஒரே பெட்டியில் கட்டி இன்றிரவு பேருந்தில் அனுப்புகிறோம். ஒன்பது என்றதும் கொழும்புச் சூளைக்காரர் வரிசையில் முன்னே எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். புதன்கிழமை காலை ஐந்தரைக்குப் பெட்டி வர வேண்டும்.